மெழுகிய கணக்கு

பக்கத்து வீட்டில் சாணி மெழுகுகிறார்கள். அந்த ஈர வாசனையில், போன மாதம் செத்துப்போன அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அவன் மதராஸில் காலேஜ் படித்தபோது எனக்குப் பத்து வயது. சண்டைக்காலம், காகிதம் கிடைக்காது. பரீட்சை லீவில் திருத்தணிக்கு வந்தவன் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் புள்ளி வைத்து, சுற்றி வளையம் போடுவான்.

"இன்னாண்ணா, கோலமா?"

"ஆங், அதுக்குத்தான் மதராஸ் போயி படிக்கிறேன்! காம்ப்ளெக்ஸ் வேரியபிள்னு ஒரு கணக்குமே. தூணைச் சுத்தி தண்ணி எப்படி ஓடும்னு இதுல கண்டுபிடிக்கலாம்."

கிருத்திகையன்று அவன் மலைக்குப் போயிருந்தபோது, வழக்கம்போலக் கூடத்தை மெழுகிவிட்டேன். மூன்று நாள் கணக்கு போயிற்று.

"யாரு மெழுகினது?"

"நான்தான்டா" என்றாள் அம்மா, என்னைக் காப்பாற்ற.

அம்மாவை எதிர்த்துப் பேசாதவன், தரை காயும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். அந்தக் கணக்கு மறுபடி அவனுக்கு வரவேயில்லை.

கடைசிவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பான். அந்தத் திட்டாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.