குடும்பப் பெயர் என்ற கட்டம்

2007-ஆம் ஆண்டில் சனி, ஞாயிறு தோறும் சிதம்பரத்திலிருந்து கடலூர் முதுநகருக்குப் பேருந்தில் சென்று, ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியறையில் பெண்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுத்து வந்தேன். ஒன்பது பேர் படித்தார்கள். அவர்களில் ஆங்கிலம் உண்மையாகவே தேவைப்பட்டவள் குடிகாடு கிராமத்திலிருந்து வந்த ஒருத்திதான். இருபத்து நான்கு வயது. அவள் கணவன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாகக் குழாய் பொருத்தும் வேலை செய்துவிட்டு, வளைகுடா நாடொன்றுக்குப் போயிருந்தான். சூப்பர்வைசர் ஆனதும் அவளையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அதற்குள் அவள் பாஸ்போர்ட்டும் எடுத்து, நாலு வார்த்தை பேசவும் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை பாஸ்போர்ட் விண்ணப்பத்தை வகுப்புக்கே கொண்டுவந்தாள். முதல் கட்டத்திலேயே விரலை வைத்து, “சர்நேம்னா என்னா மிஸ்? நம்மகிட்ட அது இருக்குதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி என்று மகிழ்ந்து, அன்றைய பாடத்தையே அதற்கு ஒதுக்கினேன். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஆங்கிலேயர் வழக்கத்தையும் மறுபக்கம் நம் வழக்கத்தையும் எழுதினேன். அங்கே பாட்டனிலிருந்து பேரன் வரைக்கும் ஒரே குடும்பப் பெயர் தொடர்ந்து வரும். மணமானதும் பெண் தன் வீட்டுப் பெயரை விட்டுக் கணவனின் குடும்பப் பெயரை ஏற்பாள். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்துதான் நம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. மணமானால் அந்த இடத்துக்குக் கணவனின் எழுத்து வருகிறது. ஆகவே, மணமான பெண் அந்தக் கட்டத்தில் கணவன் பெயரை எழுதினால் சரியாக இருக்கும் என்று முடித்தேன். அந்த ஊர் வழக்கத்தை நான் அறிந்ததெல்லாம் நாவல்கள் வழியாகத்தான். கதாநாயகிகள் பெயர் மாறுவதைப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தேன். ஒரு பாஸ்போர்ட்டைக்கூட நான் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

அவள் தயங்கினாள். “எழுதறேன் மிஸ். ஆனா அவுரு பேர வாயால மட்டும் கேக்காதீங்க.”

துணிக்கடையில் வேலை பார்த்த மூத்த மாணவி விடவில்லை. “ஏன்டி, சொன்னா பல்லு வுழுந்துடுமா?”

“பல்லு வுழாதுக்கா. அவுங்களுக்கு ஆயுசு கொறயும்.”

“அப்படிப் பாத்தா எம் புருசனுக்கு இந்நேரம் பால் ஊத்தியிருக்கணும். தெனம் பேரச் சொல்லித்தான் திட்டறேன். குத்துக்கல்லாட்டம் இருக்குறாரு!”

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனாலும் கணவனின் பெயரை எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதி, சரிதானா என்று என்னிடம் காட்டினாளே தவிர, வாய் திறக்கவில்லை.

பாஸ்போர்ட் வந்து இரண்டு மாதம் இருக்கும். வேலையிடத்தில் சாரத்திலிருந்து அவன் விழுந்துவிட்டான். தலையில் அடி. நினைவு திரும்பவில்லை, மூச்சு மட்டும் இருக்கிறது என்று அவனோடு தங்கியிருந்தவர்கள் போனில் சொன்னார்கள். மனைவி வந்து பார்ப்பதானால் விசாவுக்குக் கம்பெனியே ஏற்பாடு செய்யும், பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள் என்றும் தகவல் வந்தது. அன்றே ஃபேக்ஸ் அனுப்பினாள். உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறெதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மறுப்பு வந்தது. அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் அவனுடைய அப்பா பெயர் இருந்தது. இவளுடையதில் அவன் பெயர் இருந்தது. நம்மில் யார் பார்த்தாலும் மாமனார், மகன், மருமகள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அங்கே இருந்தவர்களுக்கோ இருவரும் வெவ்வேறு குடும்பம். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் கணவன் என்று அவன் பெயர் இருந்தும், மனைவி என்பதற்கு வேறு சான்று கேட்டார்கள்.

கோயிலில் நடந்த திருமணம், பதிவு செய்திருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையை எடுத்தால், அதில் அவள் பெயருக்கு முன்னால் அவள் தந்தையின் எழுத்து. ரேஷன் கார்டில் கணவனின் எழுத்து. பாஸ்போர்ட்டில் கணவனின் முழுப்பெயர். ஒரே பெண் மூன்று தாள்களில் மூன்று பேராக இருந்தாள். நோட்டரி வக்கீலிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்க இரண்டு நாள், அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஃபேக்ஸில் அனுப்ப மேலும் ஒரு நாள் போயிற்று. தவறு என்னுடையது என்பது முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை. காரியம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, அழைப்பு வந்தால் நான் பேசுவேன் என்று அவள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது செல்போன் அடித்தது. கம்பெனி அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் பேசினார். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, நம் பெயர் வழக்கத்தை நான் விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகவே கேட்டார். ஆனால் மனைவியே பதில் சொல்ல வேண்டும் என்றார்.

“வாட் இஸ் யுவர் ஹஸ்பண்ட்ஸ் நேம்?”

அவளுக்குக் கேள்வி புரிந்தது. முதல் மாதமே படித்த கேள்வி. நோட்டைப் பிரித்து, பெயரை எழுதி என் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்குப் பதிலா நீங்க சொல்லுங்க மிஸ்.”

“நான் சொன்னா ஏத்துக்க மாட்டாங்கம்மா.”

போனில் அதே கேள்வி மறுபடி வந்தது. பிறகு, இந்தப் பெண் அவருடைய மனைவிதானா என்று என்னிடம் கேட்டார். அவளுடைய மௌனத்தை அவர் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. அவள் தோளைப் பிடித்து, “இப்ப சொல்லலன்னா போக முடியாது. சொல்லு” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

அவள் சொன்னாள். கணவன் பெயரைச் சொன்னாள். அவர் மேலும் கேட்டதால், அதேபோல் ஒருநாளும் சொல்லியிராத மாமனார் பெயரையும் சொன்னாள். ஆள் போனை வைத்த பின்னும் நோட்டில் எழுதியிருந்ததை உள்ளங்கையால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை விசாத் தாள் வந்தது. அன்று மதியம் அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துத்தான் உடல் ஊருக்கு வந்தது. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்த தாளில் எழுதியிருந்ததாம்.

காரியம் முடிந்த மறுவாரம் குடிகாட்டுக்குப் போனேன். தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று வீசியதால் சன்னல்களைச் சாத்திவைத்திருந்தார்கள். மாமியார் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“ஞாயித்துக்கெழம சொன்னேன். செவ்வாக்கெழம போயிட்டாங்க” என்றாள். என்னைக் குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. விடையைச் சரிபார்க்கக் கேட்பவளின் குரல்.

மாமியார் குறுக்கிட்டார். “நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா. அவ்ளோ ஒசரத்துலேர்ந்து வுழுந்தவன் பேரச் சொன்னதாலயா செத்தான்? நானும் தலப்பாடா அடிச்சிக்கிறேன், கேக்க மாட்டேங்குது இந்தப் பொண்ணு.”

நான் தயாரித்துக்கொண்டு போன சொற்கள் அனைத்தும் அந்த அம்மாளுடைய சொற்களாகவே இருந்தன. எஞ்சியிருந்தது நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றுதான். நாற்காலியிலிருந்து இறங்கி அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

“அந்தக் கட்டத்துல அவர் பேர எழுதச் சொன்னது நான். அது தப்பு. அவரோட பாஸ்போர்ட்டப் பாத்துட்டு எழுதியிருக்கணும். சரியா எழுதியிருந்தா நாலஞ்சு நாள் முன்னாடியே நீ போயிருப்பே. உசுரோட பாத்திருப்பே.”

மாமியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவளோ என் மீது இரக்கப்பட்டவள் போலத் தலையாட்டினாள்.

“அது பேப்பரு மிஸ். லேட்டாக்குனுது, அவ்ளோதான். பேப்பரால யாருனா சாவாங்களா?”

“பேராலயும் சாவ மாட்டாங்கம்மா.”

“நீங்க படிச்சவங்க” என்றாள்.

மறுத்துப் பேச வாயெடுத்தேன். மாமியார் கண்ணால் தடுத்தார். நான் சொன்னதை அவர் முழுவதும் புரிந்துகொண்டிருந்தார் என்பது வாசல் வரை வந்தபோது தெரிந்தது. “இன்னொரு தபா வந்து அதயே சொல்லிக்கினு இருக்காதீங்க. நெனச்சி நெனச்சி அழுவ ஒண்ணு போதும் அந்தப் பொண்ணுக்கு” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.