ஆடாதோடை இலையும் ஏட்டையாவின் கேள்வியும்

பிள்ளையள், அடையாறில் அப்பா நான் வேலை செய்கிற ஆய்வுகூடத்தில், பணக்கார வீடுகளில் சோறு சூடாக்குகிற மைக்ரோவேவ் அடுப்புக்குள் ஆடாதோடை இலையை வைத்துச் சாறு எடுக்கிறார்கள். ஊரில் உங்கட அம்மா இருமலுக்கு அதே இலையை மண்சட்டியில் நெடுநேரம் அவிப்பா. இங்கே கொஞ்ச நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இலையை ஊறவைக்கிற மதுசாரம், அதுதான் ஸ்பிரிட், எவ்வளவு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, எதில் மருந்து கூடுதலாய் இறங்குகிறது என்று ஆய்வை நடத்துகிற மைலாப்பூர் மேடம் கணக்குப் போடுவா. இலை அரைத்து நிறுத்துக் கொடுப்பது என் வேலை. இடையிடையே ஒரே அளவையே திரும்பவும் வைக்கச் சொல்லுவா. ஒருமுறை அது மூன்று தரமும் மூன்று விதமாக வர, என் கைப்பிழை என்று பயந்து திரும்ப நிறுக்கப் போனேன். மேடம் சிரித்தா. "ஏன் பயப்படறேள்? இலைன்னா முன்னப்பின்னதான் வரும். அச்சடிச்சாப்ல ஒண்ணா வந்தாத்தான் எனக்குச் சந்தேகம். எவ்வளவு ஆடறதுன்னு தெரிஞ்சாத்தானே மத்த கணக்கை நம்பலாம்?"

சிலோன்காரர் நாங்கள் மாதாமாதம் போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும். அங்கேயும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "உன் தம்பி எங்கய்யா?"

"காணேல்லை ஐயா."

ஏட்டையா நிமிர்ந்தார். "போன வாட்டி செத்துட்டான்னு சொன்ன. இப்ப காணோம்ன்ற. இன்னாய்யா, மாசா மாசம் உசுரு வந்து வந்து போவுதா? இயக்கத்துல கீறானா? இன்னொரு வாட்டி மாத்திச் சொன்ன, குடும்பத்தோட கேம்புக்கு அனுப்சுடுவேன்."

உங்கட சித்தப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போன பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் விடியும்போது அவன் இருக்கிறான் என்று மனம் சொல்லும். சில நாள் இல்லை என்று சொல்லும். இரண்டு தரமும் நான் உண்மையைத்தான் சொன்னேன். ஊரில் அவனைத் தேடிப் போனபோது ஆமிக்காரன் என்னை ஒன்றும் கேட்கவேயில்லை, துவக்கைத்தான் நீட்டினான். இங்கே கேட்கிறார்கள். ஆனால் பதில் ஆடக்கூடாது. கேம்புக்குப் போனால் உங்கட படிப்பு போய்விடும். அடுத்த மாதம், "செத்துப்போனான் ஐயா" என்றேன். அதற்கடுத்த மாதமும் அதே சொல், அதே குரல். ஏட்டையா கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

பிறகு ஒருநாள் ஆதம்பாக்கத்து வீட்டுக்கே வந்துவிட்டார். சுவரில் நாங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே படம், சித்தப்பாவுடையது. "செத்தவன்ற, படத்துக்கு ஒரு மாலை கூட இல்லியா நைனா?" என்று சிரித்தார். அன்று பின்னேரமே தி. நகருக்குப் போய், பூ என்றால் வாடிவிடும் என்று, சந்தன மாலை வாங்கினேன். பதிவுக்குப் போகும் நாளெல்லாம் காலையில் அதைப் படத்தில் போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன், பின்னாலேயே வந்து பார்ப்பாரோ என்று. ஒருநாள் வந்தார். பார்த்தார், தலையாட்டினார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா தையல் கடையில். கதவைச் சாத்திவிட்டு மாலையைக் கழற்றினேன். கண்ணாடியில் அவன் முகத்தின் மேல் படிந்திருந்த சந்தனத் தூளைச் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனியால் துடைத்தேன். மாலையை எறியவில்லை. அடுத்த மாதத்துக்கும் வேண்டுமே என்று சுருட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.