இரண்டாவது சுற்றில் அக்கா

அக்காவுக்கு ஏழு வயதிருக்கும்போதே எங்கள் வீட்டுச் சாட்சி அவள்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்து, "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று யாராவது ஆரம்பித்தால் உடனே அவளைக் கூப்பிடுவார்கள். அவளும் வந்து நின்று, செவ்வாய்க்கிழமை காலை அப்பா சொன்னது, அதற்கு அம்மா சொன்னது, நடுவில் யார் பல்லைக் கடித்தது என்பதுவரை அச்சுப் பிசகாமல் ஒப்பிப்பாள். இரண்டு பேருக்கும் கோபம் அவள்மேல்தான் வரும். நீ என்னம்மா நினைக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்கு அப்போது நாலு வயது, ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவள் கோர்ட்டில் சுருக்கெழுத்தாளராகப் போனதில் ஆச்சரியம் இல்லை. நீதிபதிக்குக் கீழே ஒரு சின்ன மேஜை, அதில் பத்தொன்பது வருஷம். தன் சொல் ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது என்பதுதான் அந்த வேலையின் முதல் விதி. அவள் முன்னால் மனிதர்கள் அழுதார்கள், வாய் கூசாமல் புளுகினார்கள். அவள் விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும், முகம் மட்டும் வெள்ளையடித்த சுவராக இருக்கும். வீட்டுக்கு வந்தாலும் கல்லுளிமங்கிதான். என்ன சமைக்கட்டும் என்றால் உனக்குப் பிடித்ததைச் செய் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளிடம் ஒரு பழைய கிளாரினெட் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் கற்றுக்கொண்டது. தாளில் எழுதியிருந்தால் எதையும் வாசிப்பாள். எழுதாததை வாசித்ததே இல்லை. கோர்ட்டில் ஒலிப்பதிவு இயந்திரம் வந்தபோது, விரும்புகிறவர்கள் மூன்று வருஷம் படிப்பு விடுப்பு எடுக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் சட்டம் எடுத்தார்கள், கணினி எடுத்தார்கள். இவள் பல்கலைக்கழகத்துக்குப் போய், முப்பத்தொன்பது வயதில், ஜாஸ் எடுத்தாள். அதிலும் அந்தக் கணத்தில் தோன்றுவதை இட்டுக்கட்டி வாசிக்கும் படிப்பு. கோர்ட்டில் இட்டுக்கட்டினால் உள்ளே தள்ளுவார்கள், இங்கே பட்டம் கொடுப்பார்களா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஒரு நாள் அவள் மறந்துவிட்டுப் போன, கிளாரினெட் வாயில் பொருத்தும் சீவாளிகள் இருந்த பெட்டியைக் கொடுப்பதற்காக அங்கே போனேன். நீளமான தாழ்வாரம், இரண்டு பக்கமும் பயிற்சி அறைகள். கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, ஆனாலும் கிட்டத்தட்ட ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் ஒரு பாட்டு கசிந்தது. ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாத பாட்டுகள். நடக்க நடக்க ஒன்று தேய்ந்து இன்னொன்று பெருகும். பாதி வழியில் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோய், வாயில் ஈ போவது தெரியாமல் நின்றேன். தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது. எந்தக் கதவுக்குப் பின்னால் அக்கா இருக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் பார்த்தால், சத்தமே வராத ஒரே கதவு அவளுடையது.

முதல் வருஷம் அவள்தான் அங்கே ராணி. பழைய இசைத்தட்டுகளில் பெரிய கலைஞர்கள் தனியாக வாசித்ததைக் கேட்டு, ஒரு ஸ்வரம் விடாமல் எழுதிக் கொண்டுவர வேண்டும். மற்ற மாணவர்கள் ஒரு நிமிஷ வாசிப்பை எழுத ஒரு வாரம் திண்டாடுவார்கள். அக்கா ஒரே மாலையில் எழுதிவிடுவாள், வாசித்தவர் எங்கே மூச்சு வாங்கினார் என்பதையும் சேர்த்து. அவளுடைய பாதி வயதுப் பிள்ளைகள் அக்கா, அக்கா என்று சுற்றி வந்தார்கள். சொந்தமாக வாசிக்கச் சொன்னால்தான் திருதிருவென்று விழிப்பாள்.

இறுதித் தேர்வு இப்படி. பாட்டில் ஒரு மெட்டு வரும், அதே மெட்டு மறுபடி வரும், பிறகு வேறு பக்கம் திரும்பும் நடுப்பகுதி, கடைசியில் முதல் மெட்டு. இது ஒரு சுற்று. துணை வாத்தியங்கள் இந்தப் பாதையில் நடந்துகொண்டே இருக்க, மாணவர் மூன்று சுற்றுக்குப் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். முதல் தடவை அக்கா மூன்று சுற்றும் கிளாரினெட்டை உதட்டில் வைத்தபடி நின்றாள். ஒரு சத்தம் வரவில்லை. மூன்று மாதம் கழித்து இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு, அதிலும் தவறினால் படிப்பு முடிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் வீட்டு முன்னறையில் தையல் வேலை செய்கிறவள். பிறர் துணிகளைப் பிடித்துக் கொடுப்பது, இறக்கிவிடுவது. அந்த மூன்று மாதமும் மதியம் முழுக்க உள்ளறையில் அக்கா, சுவருக்கு இந்தப் பக்கம் நான். டபுள் பாஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியமும் டிரம்ஸும் மட்டும் பதிவு செய்த ஒரு துணை இசையை ஓடவிட்டு அதன்மேல் வாசிப்பாள். வெயில் துணிக்குவியல்மேல் விழுந்திருக்கும், எனக்குக் கண் சொக்கும், என் கால் தானாக அந்தத் தாளத்தில் தையல் இயந்திரத்தை மிதிக்கும். எத்தனை பேருடைய கால்சட்டை விளிம்புகள் ஜாஸில் தைக்கப்பட்டன என்று அவர்களுக்குத் தெரியாது. சில மதியங்களில் விழித்திருந்தேனா, உறங்கினேனா என்று எனக்கே தெரியாது.

அப்படி ஒரு மதியம், அரைத்தூக்கத்தில், அக்கா வாசிக்கப்போவதை அவளுக்கு முன்னால் நான் முணுமுணுத்துவிட்டேன். அதே ஏற்றம். அதே இடத்தில் ஒரு தடுமாற்றம். தடுமாறியபின் சமாளிக்கிற அதே சாமர்த்தியம். ஊசி விரலில் குத்தியதுபோல் விழித்துக்கொண்டேன். மூன்று மாதமாக அவள் ஒரே வாசிப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனேன். மேஜையில் தாள் இருந்தது. மூன்று சுற்றும் முழுதாக எழுதியிருந்தாள், தடுமாற்றம் உட்பட. கையும் களவுமாகப் பிடிபட்டவள் தாளை மறைக்கக்கூட இல்லை.

"தப்பைக்கூடவா எழுதி வச்சு வாசிப்ப?" என்றேன்.

"தப்பு இருந்தாத்தான் அப்பவே தோணினதுன்னு நம்புவாங்க."

"அப்புறம் எதுக்குக்கா இந்தப் படிப்பு?"

கிளாரினெட்டைத் துணியால் துடைத்தாள். "எல்லாரும் சொன்னதும் எனக்குள்ள இருக்கு. எனக்குன்னு சொல்ல ஏதாவது இருக்கான்னு பாக்கத்தான் போனேன். போன தடவை நின்னேன்ல, அப்ப உள்ள ஒண்ணுமே இல்லடி. வெறும் அறை மாதிரி இருந்துச்சு. மறுபடி அங்க போய் நிக்க எனக்குப் பயமா இருக்கு."

தையலுக்குத் திரும்பிப் போனேன். அவள் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

தேர்வு ஒரு சின்ன அரங்கில், காலையில். மூன்று தேர்வாளர்கள், ஓரத்தில் அக்காவைவிட வயதில் சின்னவரான அவளுடைய ஆசிரியர், பின் வரிசையில் நான். டபுள் பாஸ் வாசித்தவன் நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மாணவன். டிரம்ஸுக்கு ஒரு பெண். அக்கா ஆரம்பித்தாள். முதல் சுற்று அப்படியே வந்தது, தடுமாற்றம் அதே இடத்தில். ஒரு தேர்வாளர் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அப்பாடா என்றும் இருந்தது.

இரண்டாவது சுற்றில் நெட்டை வழி தவறினான். முதல் மெட்டு ஒரு தடவை முடிந்ததும், மறுபடி வர வேண்டியதை மறந்து நேராக நடுப்பகுதிக்குப் போய்விட்டான். எனக்கு இசை தெரியாது, ஆனால் மூன்று மாதம் மிதித்த கால் தெரிந்துகொண்டது. அக்காவின் வாசிப்பும் பாஸும் இரண்டு தெருவில் நடந்தன. அரை நொடிக்கு அது காது கூசும்படி இருந்தது. நெட்டைக்கும் தெரிந்துவிட்டது, முகம் வெளுத்தது, ஆனால் திரும்பத் தெரியவில்லை.

அக்கா நிறுத்திவிட்டாள். கிளாரினெட் உதட்டில், சத்தம் இல்லை. போன தடவை போலவே. நான் முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஸ்வரம் வந்தது. கீழே, தணிந்த குரலில். என்னமோ கேட்க வந்து தயங்குகிறவள் தொண்டையைச் செருமுவது போல. கொஞ்சம் விட்டு மறுபடி அதே ஸ்வரம். அப்புறம் அதிலிருந்து மெல்ல ஒரு வரி நெட்டையின் பக்கத்தில் போய் நின்றது, அவனோடு நடந்தது. அவன் தோள் இறங்குவதைப் பார்த்தேன். அதற்கப்புறம் வந்த எதுவும் நான் கேட்டதில்லை. தாளில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கமும் இருந்ததில்லை. அழகாக இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சில இடங்களில் வழி தேடியது, சில இடங்களில் கோபப்பட்டது, ஒரு இடத்தில் சிரித்தது. அக்காவுக்குக் கோபம் வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அந்த அரங்கில் என்ன நடக்கிறது என்று அவளையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

மதியம் ஆசிரியர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். தேர்ச்சி, மயிரிழையில். கீழே தேர்வாளர்களின் குறிப்பு: முதல் சுற்றில் அருமையான தன்னியல்பு. இரண்டாவது சுற்றில் பாட்டின் பாதை தவறியது, அதன்பின் தன்னம்பிக்கை குறைந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. நெட்டை ஓடிவந்து, தப்பு என்னுடையது, உள்ளே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றான். அக்கா அவன் கையைப் பிடித்து வேண்டாம் என்றாள். தாளை இரண்டாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருந்துகள் வந்து போயின.

"நடுவுல நான் நிறுத்தினேன்ல, அதுக்கப்புறம் வாசிச்சது. பாடிக் காட்டு" என்றாள்.

வாயைத் திறந்தேன். எழுதி வைத்த வாசிப்பு மூன்று சுற்றும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இதில் ஒரு வரி வரவில்லை. "ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

"எனக்கும் இல்ல" என்றாள்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைகளையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பவள் அவள். உதட்டைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று அவள் தோளில் கை வைத்தேன்.

"எனக்குப் பசிக்குது" என்றாள். "இன்னிக்கு என்ன சமைக்கணும்னு நான் சொல்றேன், கேளு."