சுவரில் ஒட்டிய வைத்தியம்

ஜப்பான்காரன் காலத்தில் சுங்கை லாலாங் பக்கமிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பத்திரிகை வருவது நின்றுபோனது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கூலிகள் குடியிருந்த லயன் வரிசையில், வீட்டுப் பலகைச் சந்தில் காற்று வராமலிருக்க, சண்டைக்கு முன்பே பழைய பத்திரிகைகளைக் கஞ்சிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். அவர் வீட்டுச் சுவரில் பாதிக்கு மேல் மருந்து விளம்பரம்.

"அச்சுல போட்டது பொய்யா இருக்குமா?" என்பார். எழுத்து மட்டும் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். சாயங்காலம் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு வெட்கம். சுவரிடம் அந்தத் தொல்லை இல்லை. மூட்டுவலிக்குத் தைலம், பித்தத்துக்கு லேகியம் என்று வாசிப்பேன். அந்த நாளில் எதுவும் கிடைக்காது. காதால் கேட்டாலே பாதி குணம் என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் கணுக்காலில் புண் வந்தது. பச்சிலை வைத்துக் கட்டக் கட்ட, உள்ளங்கை அகலமாயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து போடும் டிரஸ்ஸர் வாசலில் நின்று, "தெனமும் வந்து கழுவிக் கட்டிக்கம்மா. விட்டா காலே போயிடும்" என்றார்.

"அவன் கெடக்கான். சொவத்துல என்ன போட்டிருக்குன்னு பாருடி."

சுவர் முழுக்கத் தேடினேன். புண்ணுக்கு ஒன்றுமில்லை. அடுப்போரம் நீண்ட கூந்தலோடு ஒரு பெண்ணின் படம் இருந்தது. அதன் கீழே விரலை வைத்தேன்.

"காலில் புண் உள்ளவர்கள் தினமும் டிரஸ்ஸரிடம் சென்று கழுவிக் கட்டிக்கொள்ளவும்." கொஞ்சம் யோசித்து, "பச்சிலை கூடாது" என்றும் சேர்த்தேன்.

"படத்துல இருக்கிற பொம்பள யாரு?"

"கொணமானவங்க, பெரியம்மா."

மறுநாளே போனார். இரண்டு மாதத்தில் புண் ஆறிவிட்டது.

என் கெட்ட நேரம், பீடோங்கிலிருந்த அவருடைய அண்ணனுக்கும் காலில் புண். அவர் எழுத்துத் தெரிந்தவர். பெரியம்மா அந்தத் தாளை ஈரத்துணியால் நனைத்து, கிழியாமல் உரித்து, காய்ந்ததும் மடியில் செருகிக்கொண்டு கிளம்பினார். நான் அன்று கோழிக்கூட்டுக்குப் பின்னால் குடியிருந்தேன்.

சாயங்காலம் குரல் வந்தது. "வெளிய வாடி! கூந்தல் எண்ணெயாமே?"

கூட்டுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் என் காலப் பாத்தாரு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுட்டாரு."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, எலிவால் கொண்டையை அவிழ்த்தார். தாளை என் பக்கம் தள்ளினார்.

"காலுக்குப் படிச்சது போதும். முடிக்கு என்ன போட்டிருக்கு? உள்ளதப் படி."

உள்ளதைப் படித்தேன். "ஒரே மாதத்தில் கூந்தல் முழங்காலைத் தொடும்."

தலையில் ஒரு குட்டு விழுந்தது.

"மறுபடியும் பொய்யாடி?"