கப்பல் வேலைக்குக் கண் பரிசோதனை: பரமக்குடியிலிருந்து மதுரை

கப்பலில் சேரப் போகிறேன் என்று என் தங்கை ரேவதி சொன்னபோது நான்தான் முதலில் சிரித்தேன். பரமக்குடியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் சௌராஷ்டிரக் குடும்பம் எங்களுடையது. கடலுக்கும் எங்களுக்கும் என்ன ஒட்டு? ஆனால் அவள் பிடிவாதக்காரி. கப்பலை ஓட்டும் பிரிவில் பயிற்சிக்குச் சேர, கப்பல் துறை அங்கீகரித்த மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். நிறம் பிரித்துச் சொல்லத் தெரியாவிட்டால் அந்தப் பிரிவையே மறந்துவிட வேண்டியதுதான். அதற்காகத்தான் போன தை மாதம் இருவரும் மதுரைக்குக் கிளம்பினோம்.

காலை ஏழு மணிப் பேருந்து. எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரப் பயணம். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் வெயில் முகத்தில் அடிக்காது. பார்த்திபனூர், மானாமதுரை, திருப்புவனம் என்று ஊருக்கு ஊர் ஏறிய பெண்களின் சேலைகளைக் காட்டி, நிறம் சொல்லச் சொல்லி அவளைப் படுத்தி எடுத்தேன். "மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்று ஒன்று விடாமல் சொன்னாள். எனக்குப் பாதி பயம் போயிற்று.

மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோக்காரரிடம், "கே.கே. நகருக்கு எம்புட்டுண்ணே?" என்றேன்.

"எண்பது குடுங்கம்மா."

"இந்தா இருக்குற இடத்துக்கு அம்புட்டா?"

"வெயிலப் பாருங்கம்மா," என்றார். தை மாதத்தில் என்ன வெயில்? அறுபதுக்கு முடித்தோம்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. அட்டையில் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களை ரேவதி சரியாகப் படித்துவிட்டாள். அடுத்தது இருட்டறையில் விளக்குச் சோதனை. நான் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அரக்கு." "கிளிப்பச்சை." "சந்தனம்." "மயில்கழுத்து." தடுமாற்றமே இல்லை. பெருமையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரத்தில் மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டார். "உங்க தங்கச்சிக்கு வெள்ளையே தெரியலையேம்மா. சந்தனம்ங்குறாங்க."

"வெள்ளை இல்ல மேடம், லேசா மஞ்சள் கலந்திருக்கு," என்றாள் ரேவதி. வாயை மூடடி என்று எங்கள் பாஷையில் அதட்டினேன். இத்தனை தூரம் வந்து, வெள்ளை தெரியாதவள் என்று எழுதி வாங்கிக்கொண்டா போவது?

"எங்க வீடு சாயப்பட்டறை மேடம்," என்றேன். "பொறந்ததுலேருந்து அவ வெறும் வெள்ளைன்னு சொன்னதே கிடையாது."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்து, ரேவதியிடம் திரும்பினார். "எதிர்ல வர்ற கப்பலுக்கு இடது பக்கம் சிவப்பு விளக்கு, வலது பக்கம் பச்சை. அது எந்தச் சிவப்புன்னு நீ யோசிக்கிறதுக்குள்ள வந்து இடிச்சிரும். சிவப்பு, பச்சை, வெள்ளை. வேற பேரே வேணாம். திரும்பப் போடுறேன், சொல்லு."

விளக்குகளை மாற்றி மாற்றிக் காட்டினார். ஒவ்வொரு 'வெள்ளை'க்கும் கஷாயம் குடிப்பது போல முகத்தைச் சுளித்தாள், ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை. சான்றில் கையெழுத்து விழுந்ததும் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம்.

வேண்டுதல் எதுவும் இல்லை. இருந்தாலும் மாட்டுத்தாவணியிலிருந்து இருபது கிலோமீட்டர்தானே என்று அழகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினோம். சாமி கும்பிட்டுவிட்டு, பிரசாத தோசையை மலையடி நிழலில் பிய்த்துத் தின்றோம்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்பே இந்தச் சோதனையை முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட், புகைப்படம், மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதையும் எடுத்துப்போங்கள். இருட்டறையில் புத்திசாலித்தனம் காட்டாதீர்கள்.

தோசை தின்ற கையோடு ரேவதி அப்பாவுக்குப் போன் போட்டு, பாஸ் என்றாள். அப்பா உடனே, "விளக்குல என்ன சிவப்பு காட்டுனாங்க?" என்று கேட்டார்.

"வெறும் சிவப்புதான்ப்பா."

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்றார் அப்பா.