மொட்டைச் சேலை

காந்தாவுக்குத் தன் பீரோவைத் திறந்தாலே குமட்டும். உள்ளே இருந்த அத்தனை சேலைக்கும் ஒரே கரை. உடல் பச்சையோ மஞ்சளோ, விளிம்பில் மட்டும் அவள் கணவன் தணிகாசலத்தின் கட்சி நிறம். எந்த நிறம் என்பது நமக்கு எதற்கு? எந்த நிறமாக இருந்தாலும் குமட்டியிருக்கும்.

தணிகாசலம் விறகு மண்டி வைத்திருந்தான். அதோடு வட்டச் செயலாளர் பதவி வேறு. அந்த வீட்டில் தலையணை உறை, வாசல் திரை, கொல்லையில் பசுவின் கழுத்துக் கயிறு எல்லாமே கட்சி நிறம்தான். பசுவாவது கயிற்றைக் கடித்துத் தின்னப் பார்த்தது. காந்தாவுக்கு அதற்கும் வழியில்லை.

காஞ்சிபுரமோ கரைக்குப் பேர் போன ஊர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு நடந்தால் விதவிதமாய்க் கரை பார்க்கலாம். அப்படிப்பட்ட ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தும், தென்னேரிக் குடியானவர் மகளுக்கு ஒரே ஒரு கரைதான் என்று தலையில் எழுதியிருந்தது. கரையை இடுப்பில் செருகி மறைத்துப் பார்த்தாள். முந்தானையை உள்பக்கமாக மடித்துப் போட்டுப் பார்த்தாள்.

"கரை வெளிய தெரியறாப்புல கட்டுமே. நாலு பேர் பாக்கறாங்க இல்ல?" என்பான் தணிகாசலம்.

நாலு பேர் பார்ப்பதற்கு நான் என்ன போஸ்டரா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். 

எழுபதாம் வருஷம் ஆடியில் மாமியார் லோகாம்பாள் பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்தாள். செத்துப்போன பெண்ணுக்குக் கடைசிச் சேலை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும். அவள் தம்பி அப்பாதுரை மாகறலிலிருந்து அரக்கு நிறத்தில் கோடிச் சேலை கொண்டுவந்து, அழுதுகொண்டே போர்த்தினார். கொஞ்ச நேரத்தில், "மாவட்டம் வராரு!" என்று ஒருவன் ஓடிவந்தான். மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர். அவ்வளவுதான், தணிகாசலம் அந்தக் கோடியை உருவிச் சுருட்டி அப்பாதுரை கையிலேயே திணித்தான். காந்தாவின் பீரோவிலிருந்து ஒரு கரைச் சேலையை எடுத்துப் பெற்றவள்மேல் விரித்தான். போட்டோவில் விழவேண்டுமென்று கரையை முகத்தருகே இழுத்துவிட்டான். அப்பாதுரை அக்காவின் கோடியை மார்போடு அணைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தார்.

 காந்தா கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். பிணத்தைப் பார்த்த பயம் என்று நினைத்துப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். நாளைக்கு என்னையும் இந்த மனுஷன் இப்படித்தான் கொடிக்கம்பமாக்குவான், உயிரோடு இருக்கும்போதே எனக்கென்று ஒரு துணி கட்டாவிட்டால் செத்தாலும் விடமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

காரியம் முடிந்ததும் நெசவுக்காரர் குப்புசாமியிடம் போனாள். கரையே இல்லாமல் ஒரு நூல் சேலை வேண்டும் என்றாள்.

"கரை இல்லாமியா? அதுக்குப் பேரு சேலை இல்லமா, துணி. நெய்யறவன் கை கூசும்."

"கூசினா கூசட்டும்பா. நெய்ஞ்சி குடுங்க."

முனகிக்கொண்டே நாவற்பழ நிறத்தில் நெய்து கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்ததும் தணிகாசலம் குதித்தான்.

"இன்னாமே இது, மொட்டச் சேலை? நான் சாவணும்னு கட்டிக்கினியா?"

"எனக்குப் புடிச்சிருக்குது."

அவன் சோற்றுத் தட்டை விசிறியடித்தான். அவள் சிந்திய சோற்றைப் பொறுக்கிவிட்டு, அதே சேலையில் கடைத்தெருவுக்குப் போனாள்.

அடுத்து ஈரமண் நிறத்தில் ஒன்று, அதற்கடுத்து முற்றின வேப்பிலை நிறத்தில் ஒன்று. சேலை நிறத்திலேயே முழங்கை வரை இறங்கும் ரவிக்கை. கழுத்தில் தாலிக்கயிற்றைத் தவிர வேறில்லை. தெரு அவளுக்கு 'மொட்டைச் சேலைக்காரி' என்று பேர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும். கல்யாணமாகி வந்த பிறகு முதல்முறையாகக் கண்ணாடி முன்னால் அவள் முகம் சுளிக்காமல் நின்றாள்.

எழுபத்துமூன்றில் தணிகாசலம் வேறு கட்சிக்குத் தாவினான். தலையணை உறை மாறியது, வாசல் திரை மாறியது, பசுவுக்குக் கூடப் புதுக் கயிறு. நேற்றுவரை உயிர் என்று சொன்ன நிறம் அடுப்படியில் பிடிதுணியாயிற்று. வெட்கங்கெட்ட ஜென்மம் என்று காந்தா அந்தப் பிடிதுணியைத் தொடாமல் முந்தானையாலேயே சோற்றுப்பானையை இறக்கினாள்.

புதுக் கட்சியின் பெரும்புள்ளி ஒருவர் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தணிகாசலம் புதுக் கரைச் சேலை ஒன்றைக் கட்டில்மேல் வைத்து, "மானத்த வாங்காத, கட்டிக்கோ" என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தான். அவள் ஈரமண் நிறத்தில் வந்து பரிமாறினாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

வந்தவர் உள்ளங்கையில் ரசத்தை வாங்கி உறிஞ்சினார். ரசம் வழியும் விரலாலேயே அவள் சேலையைக் காட்டினார்.

"இன்னா எளிமை பாத்தியா! நம்ம மகளிர் அணி மொத்தமும் இப்டித்தான் வரணும் தணிகாசலம்."

போன உயிர் தணிகாசலத்துக்குத் திரும்பி வந்தது. மறுநாளே குப்புசாமி வீட்டுக்கு ஓடினான்.

மாநாட்டு நாளன்று காந்தாவை அழைத்துப்போக வாசலில் லாரி வந்து நின்றது. திபுதிபுவென்று இறங்கிய பெண்கள் அத்தனை பேரும் ஈரமண் நிற மொட்டைச் சேலை, முழங்கை ரவிக்கை. பார்த்ததும் காந்தாவுக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது.

"சீ! எதுக்கு இதக் கட்டிக்கினு வந்தீங்க?"

முன்னால் நின்றவள் அம்சா, திருப்புட்குழிக்காரி, அணிக்குப் புதியவள். "உங்க ஊட்டுக்காரர்தாங்க்கா குடுத்தாரு. கட்டிக்கினுதான் வரணும்னாரு" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க. எனக்கு இது புடிக்கவே இல்லக்கா. கரை இல்லாம, அருவருப்பா இருக்குது."

காந்தா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"உனக்கு எது புடிக்கும்?"

"பெரிய கரைக்கா. மயில் போட்டது." சொல்லும்போதே அம்சாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப ஊட்டுக்குப் போயி அதக் கட்டிக்கோ. நான் சொல்றேன், போ."

அம்சா தணிகாசலத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவன் லாரிப் பலகையைத் தட்டி, "நேரமாவுது, ஏறுங்கமா" என்றான். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

டிரைவர் பக்கத்து சீட்டைத் துடைத்துவிட்டு அவன் காந்தாவைக் கூப்பிட்டான். அவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். கட்டியிருந்த மொட்டைச் சேலையை அவிழ்த்துக் காலால் தள்ளினாள். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பீரோவில் இருந்தது கரையானாலும் மொட்டையானாலும் இனி கட்சிச் சேலைதான்; வேறு எதைக் கட்டுவது என்று தெரியாமல், பாவாடையும் ரவிக்கையுமாக அவள் அப்படியே நின்றாள்.