ரெண்டு கண்ணாடி நீதிபதி

போன வாரம் சிட்னியில் டூங்கபி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் தோசைக்குக் காத்திருந்தேன். யாரோ மேசையில் விட்டுப்போன ஆங்கில நாளிதழைப் புரட்டியபோது அந்த முகம். ஓய்வுபெற்ற ஃபெடரல் நீதிபதி காலமானார் என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். 'சர்ச்சைக்குரியவர்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் தோசை ஆறிப்போனது.

அவர் பெயரை உங்களிடம் சொல்லப்போவதில்லை. கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவர்களுக்குப் பெயர்களை வெளியே சொல்லாமல் இருந்தே பழகிவிட்டது. எங்களுக்குள் அவர் 'ரெண்டு கண்ணாடி'. படிக்கிற கண்ணாடி மூக்கில், ஆளைப் பார்க்கிற கண்ணாடி தலைமேல். இரண்டாவதுக்கு மாறினார் என்றால் கூண்டில் நிற்பவர் மழுப்ப முடியாது. நானும் ஒரு முறை அப்படி நின்றிருக்கிறேன்.

கடைக்கார அன்ரி சோம்பு தீர்ந்துவிட்டது என்று ஒரு பெப்பர்மிண்ட்டை நீட்டினார். அந்த வாசம் என்னை நேராக அவருடைய கோர்ட் ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டது. மேசைமேல் எப்போதும் ஒரு கிண்ணம் பெப்பர்மிண்ட் வைத்திருப்பார். சாட்சிகளுக்குத் தொண்டை வறண்டால் கொடுக்கச் சொல்வார்.

நான் மதுரைக்காரி. கணவரின் ஐ.டி. வேலையோடு சிட்னிக்கு வந்தவள். மொழிபெயர்ப்பாளர் பரீட்சையில் பாஸானதும் தமிழே என் வீட்டுச் சொத்து என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. அப்போது அகதி விண்ணப்பம் ஒன்றின் விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பையன். "மூண்டு மாசம் மறியலில இருந்தனான்" என்றான். எங்கள் ஊரில் மறியல் என்றால் ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை நிறுத்துவது. மூன்று மாதம் போராட்டத்தில் இருந்தார் என்று மொழிபெயர்த்தேன்.

விசாரித்த அதிகாரி நிமிர்ந்தார். விண்ணப்பத்தில் சிறை என்று இருக்கிறதே, இப்போது போராட்டம் என்கிறாரே, எது உண்மை?

"ஓம், அதைத்தானே சொல்லுறன். மறியல்தான்."

அதையும் அப்படியே போராட்டம் என்று சொன்னேன். பொய் சொல்கிறான் என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு வருடம் கழித்து அவனுடைய வக்கீல் போன் செய்து, விசாரணைப் பதிவைப் போட்டுக் காட்டினார். வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்கு வந்திருந்தது, நான் சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அன்ரியிடம் ஓடினேன்.

"மறியலெண்டா ஜெயில், பிள்ளை. வேற என்ன?"

நான் சாட்சி சொன்னால் இனி வேலை வராது என்றது எனக்கு வேலை கொடுத்த நிறுவனம். "உனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றார் கணவர்.

"அவன் ஜெயில்ல கிடந்திருக்கான். நான் அவனை ரோட்டுல உக்கார வெச்சுட்டேன். போகாம எப்படி?"

போனேன். அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார்: ஒரே தமிழ்தானே அம்மா, தெரியாமலா போகும்?

நான் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி குறுக்கிட்டார். "நான் செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பவரின் மகள். சிட்னிக்கு வந்த புதிதில் நான் பேசிய ஆங்கிலத்தில் பாதி இங்கே யாருக்கும் புரியவில்லை. அடுத்த கேள்வியைக் கேளுங்கள்."

அதோடு விட்டிருந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருப்பேன். அவரோ கண்ணாடியை மாற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அந்தச் சொல் சரியாகப் புரியவில்லையோ என்ற சந்தேகம் அன்றைக்கே உங்களுக்கு வந்ததா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்?

"வந்தது. கேட்டால் எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டேன்."

அவர் எதையோ எழுதிக்கொண்டார். போகும்போது கோர்ட் அலுவலர் என் கையில் ஒரு பெப்பர்மிண்ட் வைத்தார்.

மறுபடி விசாரிக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அன்று மாலையே ரேடியோவில் ஏசத் தொடங்கிவிட்டார்கள்: அகராதி பார்த்துத் தீர்ப்பு எழுதுகிற நீதிபதி, நாட்டின் வாசலைத் திறந்துவிட்டவர். அவர் இரக்கத்தை அள்ளி வீசுகிறவர் அல்ல. அடுத்த மாதமே வேறொரு தமிழரின் வழக்கைத் தள்ளுபடி செய்தார், அதுவும் எனக்குத் தெரியும். பதினாறு வயதில் வக்கீல் ஆபீசில் டைப் அடித்து, மாலை வகுப்பில் சட்டம் படித்தவர். வாதாட வந்த முதல் நாள் "டைப்பிஸ்ட்டெல்லாம் அந்தப் பக்கம்" என்று மற்ற வக்கீல்கள் கை காட்டியபோதும் முன்வரிசையை விட்டு எழுந்திருக்காதவர். ரேடியோவுக்கா பயப்படுவார்? மேல் பதவிக்கு மட்டும் அவரைக் கடைசிவரை கூப்பிடவில்லை.

எனக்கும் ஏழு மாதம் வேலை வரவில்லை. அந்தப் பையனுக்கு விசா கிடைத்தது. இப்போது வெஸ்ட்மீட் பக்கம் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறான். கடையில் கண்டால், "அக்கா, சுகமா இருக்கிறியளோ?" என்பான். ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள்தானே வந்து சொன்னனீங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான்.

நீதிபதியின் பிரிவுபசாரத்துக்கு யாரும் அழைக்காமலே போய்க் கடைசி வரிசையில் நின்றேன். எழுதிய எந்தத் தீர்ப்புக்கும் வருந்தவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முன்வரிசையில் சில பேர் கை தட்டவில்லை. நான் கை வலிக்கத் தட்டினேன். வாசலில் என்னை அடையாளம் கண்டு நின்றார்.

"புரியாத சொல் வந்தால் இப்போது கேட்கிறீர்களா?"

"கேட்கிறேன்."

தலையசைத்துவிட்டு நடந்தார். அதன்பின் அவரைப் பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் சாட்சிக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு நாற்காலி போடுவார்கள். அவர்களின் முகம் தெரியும், மூச்சு கேட்கும். இப்போது பெரும்பாலும் போன்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஒருவருக்காகப் பேசுகிறேன். அழுகிறாரா இருமுகிறாரா என்றுகூடச் சில நேரம் தெரிவதில்லை. நேற்று மட்டக்களப்புக்காரர் ஒருவர் சொன்ன ஒரு சொல் எனக்குப் பிடிபடவில்லை. நேரமாகிவிட்டது, அடுத்த கேள்விக்குப் போகலாம் என்றது மறுமுனையில் அதிகாரியின் குரல். போக முடியாது, இவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றேன். கேட்டேன்.